ஆலமரத்தில் கட்டிய வைக்கோல் பை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை, நீர்வேலியில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் தொடங்கி, அந்த வாரமே வியாழக்கிழமை மீசாலைப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் முற்றத்தில் போய் முடிந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் தாராளமாகத் திட்டலாம். அந்த ஐந்து நாட்களில் என்னைத் திட்டியிருக்க வேண்டியவர்கள் ஒருவரும் திட்டாமல் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் உள்ள பெரிய மனவருத்தம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாழைத்தோட்டம் செய்கிறவன். வாய் கொஞ்சம் நீளம். எந்த விஷயத்தைப் பற்றிக் கதைத்தாலும் அதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், அதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. வீட்டில் இரண்டு பசு மாடுகள். தோட்டம் என்னுடைய பாடு, மாடுகள் மனைவியின் பாடு என்று கலியாணம் முடித்த காலத்திலேயே பிரித்துக்கொண்டோம். இரண்டில் சிவலை என்கிற ஜேர்சிக் கலப்பு மாடு அவளுடைய செல்லம். அது பிறந்து பத்தாம் நாள் தாய் செத்துப்போக, போத்தலில் பால் பருக்கி வளர்த்தவள் அவள். என்னைக் கண்டால் சிவலை கணக்கே எடுக்காது. அவளுடைய செருப்புச் சத்தம் ஒழுங்கையில் கேட்டாலே கொட்டிலுக்குள் இருந்து கத்தத் தொடங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணியளவில் சிவலை கன்று போட்டது. நல்ல வடிவான பசுக்கன்று. மனைவிக்குச் சந்தோசம் ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம். ஏனென்றால் அன்றைக்கே உடுவிலில் அவளுடைய தமையன் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு. மாமியான இவள் போய்த் தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் சடங்கு தொடங்காது. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, சேலை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கொட்டில் வாசலுக்கு வந்து எனக்குக் கட்டளை போட்டாள்.

"இஞ்சேருங்கோ, இளங்கொடி விழும் மட்டும் இந்த இடத்தை விட்டு அசையப்படாது. வாசிகசாலைப் பக்கம் தலை வைச்சும் படுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"எனக்கு மாடு பாக்கத் தெரியாதோ? நீர் போயிட்டு வாரும்" என்றேன் நான், பெரிய ஆள் மாதிரி.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கன்று போட்ட பிறகு மாட்டின் இளங்கொடி, அதாவது கன்று வயிற்றுக்குள் இருந்தபோது அதைச் சுற்றியிருந்த நஞ்சுக்கொடி, சில மணி நேரத்தில் தானாக விழும். விழுந்த கையோடு அதை எடுத்து, வைக்கோல் சுற்றி, ஒரு பையில் போட்டு, ஆலமரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆல் பால் வடியும் மரம். அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்று நம்பிக்கை. நாய் இழுத்துக்கொண்டு போனாலோ, மாடே தின்றுவிட்டாலோ மடி வற்றிப்போகும் என்பார்கள். அதனால்தான் காவல். எங்கள் ஒழுங்கை முடிவில் நிற்கும் ஆலமரத்தில் எந்த நேரமும் நாலைந்து உரப்பைகள் தொங்கும். யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்று ஊர் அறிந்துகொள்வதும் அந்தப் பைகளைப் பார்த்துத்தான்.

ஒரு மணித்தியாலம் நான் நல்ல பிள்ளையாக நின்றேன். சிவலையின் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கொடி வெளியே தெரிந்தது. அதற்கு மேல் அசைவில்லை. தேர்தல் கதை சூடு பிடித்திருந்த காலம் அது. ஊரார் பேப்பர் படிக்கக் கூடும் வாசிகசாலை எங்கள் வேலியில் இருந்து கூப்பிடு தூரம். அங்கே யாரோ உரத்துக் கதைப்பது கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். எப்போதும் பிழையாகவே கதைக்கிற குரல். அதைத் திருத்தாமல் என்னால் எப்படி இருக்க முடியும்? பத்தே பத்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது ஒன்றரை மணித்தியாலம் கடந்திருந்தது.

வந்து பார்த்தால் தொங்கிக்கொண்டிருந்த கொடியைக் காணவில்லை. நிலத்திலும் இல்லை. சிவலை வாயை அசைத்து அசைத்து எதையோ மென்றுகொண்டு நிற்கிறது.  தின்றுவிட்டது! இனி இவள் வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள். அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் அவள் தமக்கை, தமையன், பக்கத்து வீடு, பால் கொடுக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே, அதற்கு என்ன செய்வது?

அப்போது செய்த வேலையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒரு உரப்பையை எடுத்தேன். அதற்குள் வைக்கோலை அடைத்தேன். பாரம் போதாது என்று ஈரமான வாழைத்தடல் மட்டை இரண்டை வெட்டி உள்ளே திணித்தேன். வாயை நன்றாக வரிந்து கட்டிக்கொண்டு போய் ஆலமரத்தில், ஒழுங்கையால் வருகிறவர்களுக்குக் கட்டாயம் தெரியக்கூடிய கிளையாகப் பார்த்துத் தொங்கவிட்டேன். அந்த வழியால் சைக்கிளில் போன ஒருவர் "என்ன, சிவலை போட்டிட்டுதோ?" என்று கேட்டார். "ஓம், பசுக்கண்டு" என்று பெருமையாகச் சொன்னேன்.

பின்னேரம் மனைவி ஓட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே முகம் நிறையச் சிரிப்பு.

"பாத்தன், மரத்திலை தொங்குது. உங்களை நம்பியும் ஒரு வேலை விடலாம் போலை கிடக்கு."

முப்பது வருடத்தில் மாட்டு விஷயத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சும்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை சிவலை தீனை அரைவாசியில் விட்டது. "வெயில் கூட, அதுதான்" என்றேன். பின்னால் அழுக்கு வடிந்துகொண்டிருந்தது. கன்று போட்ட மாட்டுக்கு அது வழமைதான் என்று மனைவியும் பெரிதாக எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிய அது புண்ணாக்குத் தண்ணீரையே மணந்து பார்க்கவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. வாடை வேறு. மனைவி உடனே டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

டொக்டர் என்றால் அரசாங்கக் கால்நடை வைத்தியர். இளம் பெண்பிள்ளை, எங்கள் மகளை விடக் கொஞ்சம் மூத்தவர். எங்கள் பிரிவுக்கும், ஆள் நியமிக்காமல் கிடந்த இன்னொரு பிரிவுக்கும் அந்த நேரம் அவர் ஒருவர்தான். நாய், கோழி என்றால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். மாட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? அதனால் அவர்தான் ஸ்கூட்டியில் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்குவார். காலையில் வருகிற அழைப்புகளைக் கேட்டு, எது அவசரம் எது பொறுக்கும் என்று பிரித்து, அதன்படி அன்றைய பயணத்தைப் போட்டுக்கொள்வார். நகரத்தில் தனியாரும் ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர். ஆனால் அவர் வாகனத்தில் வந்து பார்த்து மருந்தும் போட்டுவிட்டுப் போவது இரண்டு மாட்டுக்காரருக்குக் கட்டுபடியாகிற காரியமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால்தான் வைத்தியம்.

மனைவி தொலைபேசியைச் சத்தமாகப் போட்டிருந்தாள். நான் கிணற்றடியில் வாயில் பற்பசை நுரையோடு நின்றேன்.

"இளங்கொடி முழுசா விழுந்ததோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், அண்டைக்கே விழுந்திட்டுது. இவர் மரத்திலை கட்டியும் போட்டார்."

"நீங்கள் கண்ணாலை பாத்தனீங்களோ?"

"நான் வீட்டை நிக்கேல்லை. இவர்தான் பக்கத்திலை நிண்டவர்."

"அப்பச் சரி. நான் இப்ப உங்கடை பக்கத்தாலைதான் புத்தூருக்குப் போறன். கொடி விழேல்லையெண்டால் சொல்லுங்கோ, இப்பவே வந்து பாத்திட்டுப் போறன். விழுந்திட்டுதெண்டால் பொறுக்கலாம். உந்த வெயிலுக்கு இப்பக் கன மாடுகளுக்குக் காய்ச்சல். தண்ணியை நல்லாக் குடுங்கோ, நாளைக்குக் காலமை வாறன்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். "நான் பார்க்கவில்லை" என்றால் முடிந்தது. வாயில் நுரை இருந்தது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், மாடு கொடியைத் தின்றுவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். தின்றாலும் வெளியே வந்தது வந்ததுதானே, விழுந்தது என்று சொல்வதில் என்ன பிழை என்று மனதுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். ஊர் முழுக்கப் பார்த்த பை வேறு மரத்தில் தொங்குகிறது. தலையை ஆட்டினேன். மனைவி "அப்ப நாளைக்கு வாங்கோ டொக்டர்" என்று வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டிச் சத்தம் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போனது. நான் வாயைக் கொப்பளித்தேன்.

இதைவிட வெட்கக்கேடு அடுத்தது. மற்ற மாட்டின் பாலைக் கொண்டுபோய்ப் பால் சேகரிக்கும் இடத்தில் கொடுக்கும்போது, சிவலை எப்படி என்று விசாரித்தார்கள். நான் டொக்டரைப் பிடித்துக் காய்ச்சினேன். அரசாங்கச் சம்பளம், வீட்டு வாசலால் போகிறவவுக்கு இறங்கிப் பார்க்க நேரமில்லை, தொலைபேசியிலேயே வைத்தியம் பார்க்கிறா, நாளைக்கு வருவாவாம் நாளைக்கு! நின்றவர்களும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். திட்டத் திட்ட என் மனப்பாரம் குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும்போது டொக்டரில்தான் முழுப் பிழையும் என்று நானே நம்பிவிட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சிவலை படுத்துவிட்டது. படுத்தது சும்மா அசைபோட்டுப் படுக்கிற மாதிரி இல்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு, கண் சொருகிக் கிடந்தது. மனைவி ஈரச் சாக்கை அதன் முதுகில் போட்டு, பக்கத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து, "எழும்பு என்ரை ஆச்சி, ஒருக்கா எழும்பு" என்று கெஞ்சினாள். பேச்சு வாங்க எனக்கு எப்போதும் பயமில்லை. அவள் அப்படிக் கெஞ்சுவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. செலவு போனால் போகட்டும் என்று தனியார் வைத்தியருக்கு எடுத்தேன். அவர் கிளிநொச்சியில் நின்றார். வர இரவாகும் என்றார்.

வாழைகளுக்கு நடுவில் போய் நின்று டொக்டருக்கு எடுத்தேன். 

"டொக்டர், கொடி விழுந்ததை நான் பாக்கேல்லை."

"அப்ப மரத்திலை கட்டினது?"

"வைக்கல், டொக்டர்."

 "வைக்கலோ?" என்று ஒருக்கால் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. மாடு எழும்புகிறதா, கண் எப்படி, வாடை எத்தனை நாளாக என்று மளமளவென்று கேட்டார். பிறகு சொன்னார்: "நான் மீசாலைக்கு வெளிக்கிட்டு நிக்கிறன். அங்கை ஒரு நாகு மாடு, முதல் கண்டு, வலி எடுத்திட்டுதாம். அது இன்னும் கொஞ்சம் தாங்கும் எண்டு நினைக்கிறன். உங்கடை மாடு தாங்காது. வாறன். சுடுதண்ணி வையுங்கோ."

அவர் வருவதற்கு முன் மனைவியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. கொட்டில் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, வாசிகசாலை, உரப்பை, வாழைத்தடல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வெடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மாட்டின் கழுத்தில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"போய் ரெண்டு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

டொக்டர் அரை மணித்தியாலத்தில் வந்தார். தோள் வரைக்கும் கையுறையைப் போட்டு, சவர்க்காரம் தடவி, நிலத்தில் முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டார். பிறகு நடந்ததை விபரமாக எழுதவில்லை.  வெளியே தொங்கிய சாண் துண்டு மட்டும் அறுந்து விழுந்திருக்கிறது, அதைத்தான் மாடு தின்றிருக்கிறது, மற்றது முழுக்க உள்ளேயே இருந்து அழுகுகிறது என்று சொன்னார். இழுக்கக் கூடாதாம், இழுத்தால் இரத்தம் போய்விடுமாம். தானாகக் கழன்று வந்ததை மட்டும் பக்குவமாக எடுத்தார். உள்ளே மருந்துக் குளிசை வைத்தார். ஊசி போட்டார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்.

அதற்கிடையில் அவருடைய தொலைபேசி அடித்தது. கை இரண்டும் அழுக்கு. என்னை எடுத்துக் காதில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு கதைப்பது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"டொக்டர், ஒரு கால் மட்டும் வெளியிலை வந்து நிக்குது. மற்றதைக் காணேல்லை. எங்கை டொக்டர் நிக்கிறியள்?"

"ஒருத்தரையும் இழுக்க விடாதேங்கோ. நடக்க விடுங்கோ அதை. வாறன், வாறன்" என்றார் டொக்டர். குரல் அமைதியாக இருந்தது. ஆனால் நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழிய, தோளில் துடைத்துக்கொண்டு மருந்துப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மருந்தை வேகமாக ஏற்ற முடியாது. வேகமாக ஏற்றினால் மாட்டின் இதயம் நின்றுவிடுமாம். இன்னும் இருபது நிமிடம் அந்தப் போத்தல் சொட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் கண்டதில்லை.

மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். டொக்டர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். தலைக்கவசத்தைப் போடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "காலமை இந்த ஒழுங்கை வாசலாலைதான் போனனான் ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் படலையைத் திறந்து பிடித்தேன்.

புதன்கிழமை விடியச் சிவலை எழும்பி நின்றது. கால் தடுமாறியது, ஆனாலும் நின்றது. மனைவியின் கையில் இருந்த புல்லை இழுத்தது. அவள் அதன் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சொன்னபடி டொக்டர் வந்து மறு ஊசியைப் போட்டார். கொஞ்ச நாளைக்குப் பாலை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், அடுத்த முறை சினைப்படச் சுணங்கலாம், ஆனால் மாடு தப்பிவிட்டது என்றார். அப்போதுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"மீசாலை மாடு என்ன மாதிரி டொக்டர்?"

"தாய் தப்பீட்டுது. கண்டு தப்பேல்லை."

"நீங்கள் நேரத்தோடை போயிருந்தால்?"

அவர் ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டார். பிறகு என்னை நேரே பார்த்தார். "அது எப்பிடியும் செத்திருக்கும் எண்டு நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம் ஐயா. ஆனால் அது பொய். ஒரு மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் பெரும்பாலும் உயிரோடை எடுத்திருப்பன்."

 செவ்வாய்க்கிழமை காலையில் என் வாயைத் திறந்திருந்தால், புத்தூருக்குப் போகும் வழியிலேயே எங்கள் மாட்டைப் பார்த்து முடித்திருப்பார். மத்தியானம் நேரே மீசாலைக்குப் போயிருப்பார். இரண்டு கொட்டிலிலும் இரண்டு கன்று நின்றிருக்கும். இதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

வியாழன் காலை பால் கொடுக்கும் இடத்தில், எந்த வாயால் டொக்டரைத் திட்டினேனோ அதே வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல் என்றதும் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவர், தன்னுடைய மாட்டுக்கு மூன்று நாளாகக் கழிச்சல் இருந்தும் பேச்சு விழும் என்று பயந்து டொக்டரிடம் "இண்டைக்குத்தான் தொடங்கினது" என்று சொன்னதாக மெல்லச் சொன்னார். இன்னொருவர், முதலில் கைவைத்தியம் செய்து பார்த்ததை மறைத்தாராம். அங்கேயே ஒருவர், இதெல்லாம் ஒரு டொக்டரை வைத்துக்கொண்டு இரண்டு பிரிவைச் சமாளிக்கச் சொல்வதால் வருகிற வினை, இன்னொருவரைக் கேட்டு மகஜர் எழுதுவோம் என்றார். எழுதினோம். நானும் கையெழுத்து வைத்தேன். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் கையெழுத்து வைக்கும்போது, இதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல ஒரு ஆசை எனக்குள் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவி, தோட்டத்தில் அன்று வெட்டிய இதரை வாழைக் குலையில் நல்லதாக ஒன்றை எடுத்து மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டினாள். "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாலம் கடந்து மீசாலைக்குப் போனேன்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பாடசாலைக்குப் போகிற ஒரு மகளும் அவரும்தான் அந்த வீட்டில். மாடு என்று அந்த ஒன்றுதான். முற்றத்துப் பனையில் அந்த நாகைக் கட்டியிருந்தார். மடி விம்மியிருந்தது. கன்று இல்லாமல் பால் இறக்க மாட்டேன் என்கிறது, காலையில் இருந்து இரண்டு முறை கறக்கக் குந்திப் பார்த்துவிட்டேன் என்றார். நான் டொக்டரைத் தெரிந்த ஆள், விசாரிக்க வந்திருக்கிறேன் என்று அவராக நினைத்துக்கொண்டார்.

"டொக்டரிலை பிழை இல்லை அண்ணை. அவவுக்கும் ரெண்டு கைதானே. வாற வழியிலை ஒரு மாடு சாகக் கிடந்ததாம். அதை விட்டிட்டு எப்பிடி வாறது?"

டொக்டர் அவரிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். என் வைக்கோல் பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அந்த இடத்தோடு திரும்பி வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரிந்திராது.

"அந்த மாடு என்ரை மாடுதான் தங்கச்சி" என்று தொடங்கினேன். தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே நாகின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் தடவிக்கொண்டிருந்தார். இனிப் பேச்சு வரும், வரட்டும், அதற்காகத்தானே வந்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"உங்கடை மாடு எழும்பீட்டுதோ?"

"எழும்பீட்டுது தங்கச்சி."

"அதெண்டாலும் தப்பட்டும்" என்றார். பிறகு "குலையை உந்த வேலிக்கரையிலை வையுங்கோ" என்றுவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் மாட்டின் மடிக்குக் கீழே குந்தினார். என்னைத் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்வரை செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

அதன் பிறகு சிவலைக்கும் மற்ற மாட்டுக்கும் எத்தனையோ முறை டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் கேட்கிற கேள்விக்கு, பார்த்ததைப் பார்த்தேன் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லப் பழகியிருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். மனைவியிடம் பேச்சு வாங்காமல் தப்புவதற்கு ஒரு சின்னப் பொய் சொன்னதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு டொக்டரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் ஊரில், நான் மறைக்கிற ஒவ்வொரு சொல்லும் முகம் தெரியாத ஒருவருடைய பங்கில் இருந்துதான் எடுக்கப்படுகிறது என்பது, கன்றில்லாத அந்த மாட்டுக்குக் கீழே வெறும் செம்போடு குந்தியிருந்த பெண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.